நடுவில் மங்கும் லென்ஸ்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நீயும் மாமாவும் சுகம்தானே? இங்கே காட்டில் போனுக்குச் சிக்னல் கிடைப்பதில்லை, அதனால் கடிதம்.

உன் ரிப்பேர் கடைக்கு வரும் பழைய லென்ஸ்களில் ஒன்று எனக்கு வேண்டும். தூரத்து மிருகத்தைக் கிட்டே இழுக்கும் பெரிய ஜூம். என்னுடையது ஆற்றில் விழுந்துவிட்டது. இங்கே நீர்நாய் மூன்று குட்டி போட்டிருக்கிறது. மாதக் கடைசிக்குள் படம் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். இந்த வேலையும் போனால் நான் எதற்கு லாயக்கு, நீயே சொல்.

உன் தம்பி

மார்ச் 9

சின்னவனுக்கு,

ஆறு மாதமாக ஒரு வரி இல்லை. லென்ஸ் என்றதும் அக்கா ஞாபகம் வந்துவிட்டது, இருக்கட்டும்.

இருப்பதில் நல்லதாகப் பொறுக்கி அனுப்புகிறேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே பூஞ்சை இல்லை. ஜூம் வளையம் கொஞ்சம் இறுக்கம், பழகிவிடும். அப்பா செய்வதுபோல் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, இருபதடி தள்ளி நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு, எழுத்தெல்லாம் தெளிவாக விழுகிறதா பார்க்கலாம். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 15

அக்கா,

லென்ஸ் சரியில்லை. ஓரமெல்லாம் பரவாயில்லை, நடுவில்தான் அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி இருக்கிறது. நீர்நாயின் முகத்தை நடுவில் வைத்தால் முகமே காணோம். திருப்பி அனுப்பியிருக்கிறேன். குட்டிகள் நீந்தத் தொடங்கிவிட்டன. தயவுசெய்து வேறு அனுப்பு.

தம்பி

மார்ச் 18

சின்னவனே,

முழுவதும் கழற்றித் துடைத்து மாட்டினேன், குறை ஒன்றும் தெரியவில்லை. செய்தித்தாள் படம் எங்கே? "உன் தம்பிக்கு லென்ஸ் செஞ்சவனே நேர்ல வந்தாலும் திருப்தி வராது" என்று மாமா சிரிக்கிறார். வாடிக்கையாளருக்கு எடுத்துவைத்ததை அனுப்புகிறேன். இந்த முறை படம் வராவிட்டால் மூன்றாவது கிடையாது.

அக்கா

மார்ச் 23

அக்கா,

இதிலும் நடுவில் அதே மங்கல். நீ கேட்ட செய்தித்தாள் படத்தை அச்சுப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன், நீயே பார், நடுவில் ஒரு எழுத்தாவது தெரிகிறதா? இன்னும் எட்டு நாள்தான். மறைவில் படுத்துக்கொண்டு, குட்டிகள் தண்ணீரில் விளையாடுவதைக் காதால் கேட்கிறேன். அழுகை வருகிறது. எங்கேயாவது ஒரு நல்ல லென்ஸ் இருக்கும் அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

மார்ச் 26

தம்பி,

எழுத்தைப் பெரிதாகப் போட்டு எழுதுகிறேன். பக்கத்துக்கு நாலு வரிதான் வருகிறது.

உன் படத்தில் எல்லா எழுத்தும் தெரிகிறது. நடுவில் காணாமல் போன நாயைப் பற்றி ஒரு விளம்பரம். அதன் தொலைபேசி எண் வரை படித்தேன்.

ஓரம் மங்கும் லென்ஸ் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கிறது. நடு மட்டும் மங்குகிறது என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான், அப்பா. கடைசி இரண்டு வருடம் நல்ல லென்ஸையெல்லாம் கழற்றிக் கழற்றித் துடைத்தார். நானும் கூட உட்கார்ந்து துடைத்தேன். கண் டாக்டரிடம் போனபோது காலம் கடந்துவிட்டது, பார்வை திரும்பவில்லை. நீ எழுதியதும் எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுபடியும் ஸ்க்ரூ டிரைவரைத்தான் எடுத்தேன், பாவி.

மூன்றாவது லென்ஸ் அனுப்ப மாட்டேன். வியாழக்கிழமை கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். மாமா வந்து உன்னைக் கூட்டிவருவார். அடம்பிடிக்காதே.

அக்கா

மார்ச் 28

அக்கா,

உன் முந்தைய கடிதங்களைத் தபால்காரர்தான் படித்துக் காட்டினார். மூக்குக்கண்ணாடி தொலைந்துவிட்டது என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். இதை நானே படித்தேன்.

எனக்கு முன்பே தெரியும். என் லென்ஸ் ஆற்றில் தானாக விழவில்லை, நான்தான் வீசினேன். லென்ஸில்தான் கோளாறு என்று உன் வாயால் ஒருமுறை கேட்டால் போதும் என்று இருந்தது. பயமாக இருக்கிறது அக்கா.

இன்று காலை குட்டிகளின் சத்தம் வந்த பக்கம் கேமராவைத் திருப்பி, ஃபோகஸை அதனிடமே விட்டுவிட்டு, பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். கேமராவின் மெமரி கார்டை இதனுடன் வைத்திருக்கிறேன். நல்லதாக ஏதாவது இருந்தால் ஆசிரியருக்கு அனுப்பிவிடு.

மாமாவை வரச்சொல், கிளம்பி நிற்கிறேன். குட்டிகள் மூன்றும் படத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவை. நான் வந்ததும் அதை முதலில் சொல்.

தம்பி