முகம் திருப்பிக் குடித்தவன்

மாசி 27, புதன்

காலையில் பனி. எதிர்மலை தெரியவில்லை. வெயில் ஏறிய பிறகு கீழ்க்காட்டில் புளி உலுக்கல். இந்த வருஷம் காய் நல்ல சதைப்பற்று. முழங்காலுக்கு வேப்பெண்ணெய்.

மகன் முருகன் பலாமரத்துக்குப் பின்னால் பீடி. என்னைக் கண்டதும் உள்ளங்கைக்குள் மறைத்தான். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன். அப்பனிடம் என்ன திருட்டுத்தனம், நேராகப் பிடியேன் என்று சத்தம் போட்டேன். கோணி எடுக்கப் போய்விட்டான்.

மதியம் காதர் பாய் வந்தார், கழுதைகளோடு. வாணியம்பாடி. புளி வாங்க வருஷம் தவறாமல் மலை ஏறுவார். முன்பு பினாங்கில் கடை வைத்திருந்தவர். நான் அதே மலாயாவில், கெடாவில் ரப்பர் மரம் சீவியவன். அங்கே ஒருவரையொருவர் தெரியாது. இங்கே சந்தித்தால் இருவருக்கும் மலாய்தான். வீட்டுக்காரி குப்பம்மாவுக்குப் பிடிக்காது. பொண்டாட்டியைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறோம் என்பாள். சில நாள் உண்மை.

பாய் கொண்டுவந்த சேதி: ஆலங்காயத்தில் ஒரு பட்டாளத்துப் பையன். கொரியாவில் சண்டை நின்ற பிறகு கைதிகளுக்குக் காவல் இருக்கப் போன நம் பட்டாளத்தோடு போய், இப்போது லீவில் வந்திருக்கிறான். பாயின் வண்டிக்காரருக்குத் தம்பி.

"உன் கொரியா பாஷை நெசமா புளுகான்னு இப்ப தெரிஞ்சிபூடும் கவுண்டரே" என்றார்.

புளுகா இல்லையா என்பது பாய்க்கு. எனக்குக் கேட்க வேண்டியது வேறு. சயாமில் எனக்கு அந்தப் பாஷை சொல்லிக்கொடுத்த கொரியாக் காவல்காரன் என் கண்ணெதிரே ஏன் குடிக்கவில்லை என்று.

மாசி 28, வியாழன்

பனி இல்லை. சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. வயிறு நிறைந்தது.

இதை எழுதி வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் நான் ஏறியதில்லை. தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சாம்பலில் விரலால் எழுதிக் காட்டிய எழுத்து இது. தப்பிருந்தால் யார் பார்க்கப்போகிறார்கள்.

ஜப்பான்காரன் எங்களைத் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டுபோனான். செத்தவர்களைப் பற்றி எழுத மாட்டேன். நான் கிழவன் என்று தண்ணீர் காய்ச்சும் வேலை கொடுத்தார்கள். காலராவுக்கு எந்நேரமும் கொதிநீர். அடுப்புக்குப் பக்கத்தில் காவல் நிற்பவன் ஒரு கொரியாக்காரப் பையன். மீசை சரியாக முளைக்கவில்லை. ஜப்பான்காரன் அவனுக்கு வேறு பெயர் வைத்திருந்தான். அந்தப் பெயரில் கூப்பிட்டால் முகம் சுருங்கும். நான் தம்பி என்றேன். அவன் என்னை அஜசி என்றான். அவர்கள் ஊரில் வயதானவரை அப்படித்தானாம்.

அவனுக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். மலாயில் தொடங்கி, அதை வைத்துக் கொரியா பாஷை கற்றுக்கொண்டேன். ஜப்பான்காரன் காதில் விழுந்தால் அவனுக்கு அடி. ஆள் இல்லாதபோதுதான் பேசுவான். ஆள் இல்லாதபோதுதான் எனக்குச் சோறும் கொடுப்பான், இரண்டு கையாலும் டின்னைப் பிடித்து. ஜப்பான்காரன் எதிரில் அதே கையால் தடி.

இவ்வளவும் செய்தவன், தகர டப்பாவில் அரிசிச் சாராயம் ஊற்றினால் மூங்கில் தட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குடிப்பான். ஒரு நாளும் என்னைப் பார்த்துக் குடித்ததில்லை.

அது எனக்குத் தெரிந்த திரும்பல். மலையை விட்டு இறங்கினால் கீழ்நாட்டில் சில வீட்டு வாசலில் நாங்கள் நின்றால், சாப்பிடுகிறவர் இலையோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். எங்கள் பார்வை சோற்றில் படக்கூடாது. கடல் தாண்டி வந்தாலும் இது உண்டா என்று நினைத்தேன். கேட்கவில்லை. சண்டை முடிந்தது. கொரியாக்காரர்களைத் தனியாகக் கூட்டிப் போய்விட்டார்கள். போகும்போது குனிந்து ஏதோ சொன்னான். இரைச்சலில் கேட்கவில்லை.

மாசி 30, சனி

காற்று. புளி தானாகவே உதிர்கிறது. ஆட்களுக்குச் சிரிப்பு, எனக்கும்.

வெள்ளாடு ஒன்று காட்டு இலாகா வேலிப்பக்கம் போய்விட்டது. "மாரி, மாரி" என்றதும் திரும்பி வந்தது. மலாயில் மாரி என்றால் வா; என் ஆடுகளுக்கு மலாய்தான் புரியும். கொரியாவில் கூப்பிடுவதானால் "வா". ஆம், அங்கேயும் வா என்றால் வாதான். அப்பா என்றால் அப்பா. இதைச் சொன்னால் காதர் பாய் நம்புவதில்லை. போன வருஷமே சொன்னார்: "உன் தமிழையே உனக்கு வித்துட்டுப் போய்கீறான்யா அவன்."

இரண்டு பாஷையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், பொழுது போக:

தண்ணீர்: மலாயில் ஆயர், கொரியாவில் முல்.
மழை: உஜான், பி.
சோறு: நாசி, பப்.
சாப்பிட்டாயா: சுடா மாக்கான், பப் மொகொஸ்ஸயோ. பார்த்ததும் இதைத்தான் கேட்கிறார்கள் இரண்டு பேரும். நம்மைப் போல.

மலாய் சந்தைக்கு ஏற்ற பாஷை. வந்த மாதமே பேசலாம். நேற்றுத் தின்றாலும் நாளைக்குத் தின்றாலும் மாக்கான் மாக்கான்தான், சொல் உடம்பை வளைக்காது. முதலாளி தின்றாலும் அது, கூலி தின்றாலும் அது. பல பேர் என்றால் சொல்லை இரண்டு தடவை சொன்னால் போதும். வேண்டாம் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுவான், நாமும் நடையைக் கட்டலாம்.

கொரியா அப்படி இல்லை. நம் பேச்சு மாதிரி செய்தி கடைசியில் வரும். அடிக்கப்போகிறானா, கொடுக்கப்போகிறானா, வாயை மூடும்வரை தெரியாது. அந்தக் கடைசியிலும் ஒரு வால். கூலி ஆட்களிடம் கத்தும்போது வால் இல்லை. என்னிடம் பேசும்போது "யோ". நம் "ங்க" மாதிரி மரியாதையோ என்று சில சமயம் தோன்றும். உடனே அந்த மூங்கில் தட்டி ஞாபகம் வரும். மரியாதை கொடுப்பவன் ஏன் திரும்புகிறான்?

மலாய் பேசினால் வாய் லேசாகிறது. கொரியா பேசினால் இந்தக் கேள்வி வந்து உட்காருகிறது. அதனால் மலாய் ஆட்டிடம் கூட. கொரியா தனியாக இருக்கும்போது மட்டும்.

பங்குனி 1, ஞாயிறு

மோடம். மழை இல்லை. நாளைக்குப் பாய் மூட்டை இறக்குகிறார், நானும் கூடப் போகிறேன். குப்பம்மா கேட்டாள்: "கேட்டு இன்னா ஆவப்போவுது? அந்தக் கொரியாக்காரன் இங்க வந்து நிக்கப்போறானா?"

இல்லை. தெரியாமல் இருப்பதே நல்லதோ? அருவருப்பு என்று பட்டாளத்துப் பையன் சொல்லிவிட்டால் அந்த இரண்டு கைச் சோறும் போய்விடும். இப்போதைக்குப் பாதியாவது இருக்கிறது.

வேட்டி துவைத்தாயிற்று.

பங்குனி 2, திங்கள்

ஆலங்காயம். இறக்கத்தில் முழங்கால் படுத்தியது. கீழே சூடு. வாணியம்பாடி பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை.

பட்டாளத்துப் பையன் நல்ல உயரம். இந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை, ஊருக்குக் காட்ட. என்னைப் பெரியவரே என்றான். நான் "பப் மொகொஸ்ஸயோ" என்றேன். விழித்தான். திரும்பச் சொன்னேன். சிரித்தான்.

அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம். சீக்கிரம் என்பதற்குப் பல்லி பல்லி. முல் தெரியும், பப் தெரியும். வா, சரி. அப்பாவும் சரி. பாய் டீயை ஊதுவதை நிறுத்திவிட்டு, "அட, வா நெசந்தானா" என்றார். ஆனால் யோ தெரியாது. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றவனுக்கு அவ்வளவுதான்.

பிறகு கேட்டேன். நேராகக் கேட்க வாய் வரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே, யாரைப் பார்த்தால் அப்படி என்றேன். எச்சிலா, தீட்டா, கண் படும் என்பதா.

பையன் யோசித்தான். பட்டாளத்தோடு இரண்டு கொரியா துபாஷிகள் இருந்தார்களாம், ஒருவர் கிழவர், ஒருவர் வாலிபம். கூடாரத்தில் ஒன்றாகக் குடிப்பார்களாம்.

"சின்னவன் கிளாஸை ரெண்டு கையால வாங்குவான் பெரியவரே. வாங்கிட்டு இப்படி." டீ கிளாஸோடு சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு வாய் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். "நாங்க கேலி பண்ணோம். இன்னாடா, பொண்ணு மாதிரி வெக்கப்படறேன்னு. பெரியவங்க எதிர்ல நேரா குடிச்சா மரியாதை இல்லையாம். அவங்க அப்பன் எதிர்லயும் அப்படித்தானாம். கூட்டாளிங்களோட குடிச்சா திரும்பமாட்டான்."

இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். காட்டினான்.

பாய் சிரிக்கவில்லை. என் டீ ஆறிப்போயிருந்தது. "குடி கவுண்டரே" என்று மட்டும் மலாயில் சொன்னார்.

அவர் மகள் வீட்டில் தங்கல். நல்ல சாப்பாடு. பாயும் நானும் பினாங்குப் பழங்களைப் பற்றி நிறையப் பேசினோம்.

பங்குனி 3, செவ்வாய்

மலை ஏற்றம் மெதுவாக. வழியெல்லாம் அந்தக் கொரியாப் பையன் பேசிய ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். வால் எல்லாவற்றிலும் இருக்கிறது. மழை வருது யோ. அடுப்பு அணையுது யோ. அஜசி, நீங்க உட்காருங்க யோ. துப்பாக்கி அவன் கையில், விறகு என் கையில். எல்லாம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. கண் பார்த்ததை வைத்துக் காதை நம்பாமல் விட்டேன்.

கீழ்நாட்டு வாசலைத் தூக்கிக்கொண்டு சயாம் வரைக்கும் போயிருக்கிறேன்.

குப்பம்மாவிடம் சொன்னேன். புளி கொட்டை நீக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ உன்ன அப்பனாட்டம் நெனச்சிகீது அந்தப் புள்ள."

ஆமாம் என்றேன்.

"பாவம். ஆள் தெரியாம" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புளித்தூசி என்றாள்.

இரவு சோறு போட்டபோது இரண்டு கையாலும் வாங்கினேன். தட்டில் ஓட்டையா என்று கேட்டாள்.

பங்குனி 5, வியாழன்

நல்ல வெயில். எதிர்மலை பளிச்சென்று. கடைசி மரங்கள் உலுக்கல். ஆட்டிடம் இன்று "வா" என்றேன். வரவில்லை. "மாரி" என்றதும் வந்தது.

மதியம் முருகனைத் தேடிப் போனேன், கோணி தைக்க. பலாமரத்துக்குப் பின்னால் புகை. அவன் முதுகு மட்டும் தெரிந்தது. காலடிச் சத்தம் கேட்டுக் கையை மடக்கினான்.

சத்தமாக இருமினேன். வேறு வழியாகப் போய்விட்டேன்.