ரெண்டாவது முளைப்பாரி வீடு

மார்ச் 25, செவ்வாய்

ஆவுடைத்தாய் மதினி வீட்டில் இன்று முளைப்பாரி போட இருந்தவர்கள்: மதினி, குருவம்மாள் அக்கா, வேலுத்தாய், நான், மதினியின் பூனை. வாசலுக்கு வெளியே, விதைச் சட்டியோடு ஃபூல்மணி. ஜார்க்கண்டிலிருந்து வந்து மதினி வீட்டுப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். எங்கள் பின்வீட்டில் குடியிருக்கிறாள்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியல, வேற இனம்னு? அவ சட்டிய வச்சா நம்ம முளையும் அழுகிப்போகும்" என்றார் மதினி. பூனை உள்ளே போனது. அது என்ன இனம் என்று யாரும் கேட்கவில்லை.

"அம்மன் மூஞ்சியும் கருப்புதான மதினி. அவள எந்த ஊருன்னு கேட்டீகளா?"

"வாய் நீளுது. ஒம் புருசன் நம்ம கம்பெனியிலதான இருக்காரு?"

இருக்கிறார். இருந்தாலும் என் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 26

ரெண்டு சட்டியும் என் பூஜையறை இருட்டில். சாயங்காலம் சுற்றி நின்று கும்மி கொட்டினால்தான் முளை எழும்பும். கொட்ட ஆள்? நானும் ஃபூல்மணியும்தான். "எங்க ஊர்லயும் மொளை போட்டு ஆடுவோம் அக்கா" என்றாள். அவள் இடமாகச் சுற்ற, நான் வலமாகச் சுற்ற — நெற்றியில் முட்டிக்கொண்டோம்.

மார்ச் 27

கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காய் தாராளம். தாளித்த வாசம் தெருவுக்குப் போகட்டும் என்று சன்னலைத் திறந்து வைத்தேன். பிரசாதத்தில் லஞ்சம் சேருமா? மாரியம்மா, கண்டுக்காதே.

குருவம்மாள் அக்கா வந்தார். "சுண்டலுக்குத்தான் வந்தேன், கும்மிக்கு இல்ல." நாலு வாய் தின்றதும் கை தானாகக் கொட்டியது.

மார்ச் 29

கும்மிக்கு ஒன்பது பேர். இன்று மொச்சை.

மார்ச் 31

மதினி வீட்டில் கும்மி கொட்ட மதினி மட்டும்தானாம். என் வீட்டுக்காரரை, ஆள் அனுப்பும் வரை கம்பெனிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஃபூல்மணியை நிறுத்தவில்லை. ஆர்டர் குவிந்து கிடக்கிறது, அவள் கை வேண்டும். சட்டிதான் வேண்டாம்.

என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்? அந்தப் புள்ள கெடந்து அழுவுறா, "சட்டிய எடுத்துக்கிறேன் அக்கா"ங்கிறா. தரமாட்டேன்னுட்டேன். இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சுண்டல் மிச்சம் இருக்கா?"

ஏப்ரல் 1, செவ்வாய்

ஊர்வலம். "அந்தச் சட்டி வந்தா என் சட்டி வராது" என்று மதினி கோயில் முக்கில் நின்றுகொண்டார்.

"சரி மதினி, வெயிலா இருக்கு, நெழல்ல நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஃபூல்மணி தலையில் முளைப்பாரியை ஏற்றினேன். யாரும் நகரவில்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒரு குலவை — குருவம்மாள் அக்கா. வரிசை நடந்தது. கடைசி ஆளாக மதினியும்.

ஏப்ரல் 3

நேற்று மதினிக்குத் தூக்குச்சட்டியில் சுண்டல் கொடுத்துவிட்டேன். இன்று திரும்பி வந்தது. பகையென்றால் வெறும் சட்டிதான் வரும். உள்ளே ஒரு கை சீனி இருந்தது. இவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாரியம்மா, சீனி சரி. இவருக்கு நாளைக்குச் சோறு கட்டவா, வேண்டாமா? சீக்கிரம் பதில் சொல்லு.