தங்கையின் பங்குகள்

செவ்வாய் இரவு, இஷா தொழுதுவிட்டு வந்தபின்.

டோஹாவிலிருந்து தங்கை சிபானா பின்னேரம் என் போன் திருத்தும் கடைக்கு வீடியோ கோல் எடுத்தாள். பக்கத்தில் அவள் கணவர், என் மச்சானும் இருந்தார். அவள் ஒரு பெரிய போன் கம்பனியின் பங்குகளை வாங்கி வைத்திருக்கிறாள். அவர் விற்கச் சொல்கிறார், அவளுக்கு மனமில்லை. அண்ணன் முறையில், அவள் காக்காவாக, நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்.

“அவனுகள்ட்ட புதுசா ஒண்டுமில்ல மச்சான், இனி இறங்கும்” என்றார் அவர்.

“இல்ல காக்கா, ஏறும். கொஞ்சம் பொறுக்கணும்” என்றாள் அவள்.

கடையில் பார்ப்பதைச் சொன்னேன். கல்முனையில் அந்த போன் வைத்திருப்பவர்கள் புதியதைத் தேடுவதில்லை, பழையதற்கே பற்றரி மாற்றிக்கொண்டு போகிறார்கள். “வித்துடு தங்கச்சி” என்றும் சொல்லிவிட்டேன்.

மச்சான் சிரித்துக்கொண்டே எழும்பிப் போனார். திரையில் சிபானா மட்டும் இருந்தாள்.

“ஓம் காக்கா, விக்கிறன். எண்ட பேர்ல இரிக்கிறது அது ஒண்டுதான்.”

நான் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

கல்முனையில் நாலு பேர் பற்றரி மாற்றுவதை வைத்து உலகக் கம்பனிக்கே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொழுதுவிட்டு வந்ததும் அவளுக்குக் கோல் எடுத்தேன். அவள் தூக்கவில்லை. “வித்துட்டன்” என்று செய்தி மட்டும் வந்தது. காசு யாருடைய கணக்குக்குப் போனது என்று எழுதிக் கேட்டேன். வாசித்துவிட்டாள். இன்னும் பதில் எழுதவில்லை.