பச்சைக் கோட்டு

அக்டோபர் 9

முதல் குளிர். பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கினேன். சின்னவனுக்குக் கவலையில்லை, அக்காவுக்குப் பத்தாமல் போன கோட்டு கிடக்கிறது. போட்டுப் பார்த்துவிட்டு, பட்டனெல்லாம் பொம்பளைப் பிள்ளைங்க பக்கம் இருக்கிறதே என்றான். “குளிருக்கு அதெல்லாம் தெரியாதுடா” என்றாள் பெரியவள்.

அவளுக்குத்தான் இல்லை. போன வருடத்துக் கோட்டில் கை மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே நிற்கிறது. பன்னிரண்டு வயதில் இப்படியா வளரும்?

அக்டோபர் 14

கடைவீதி. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், திருப்பியபடியே விட்டேன். வளர்கிற பிள்ளை, இரண்டு அளவு பெரிதாக எடுங்கள் என்றாள் கடைக்காரப் பெண். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று அவளிடம் சொல்ல முடியுமா?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். ரொட்டி அடுப்பு முன்னால் வேலை செய்கிறவருக்குக் குளிர் மெதுவாகத்தான் புரியும்.

அக்டோபர் 20

இன்று ஒரு கோட்டு வந்தது. பஸ்ஸில் பயணிகள் விட்டுவிட்டுப் போகிறதெல்லாம் பணிமனையில் என் அறைக்குத்தான் வரும். குடை, கண்ணாடி, ஒருமுறை பல்செட். இது பச்சைக் கோட்டு, உள்ளே கம்பளி, சிறுமி அளவு. முப்பது நாள் யாரும் கேட்டு வராவிட்டால் ஊழியர்கள் சொற்ப விலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பதிவேட்டில் எழுதிவிட்டுப் பின்வரிசையில் மாட்டினேன். முன்வரிசையில் இடமில்லை.

இடம் இருந்தது.

நவம்பர் 3

பழைய துணிச் சந்தை. பெரியவர்களுக்கு மலைமலையாகக் கிடக்கிறது. குழந்தைகளுக்கு இருப்பது எல்லாம் முழங்கை தேய்ந்தவை. பெரியவள் இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். கேட்டால் குளிரவில்லை என்கிறாள். உதடு வேறு சொல்கிறது.

நவம்பர் 7

பதினெட்டு நாள் ஆகிவிட்டது.

நவம்பர் 11

ஒருவர் வந்தார். கையில் சுண்ணாம்புத் தூசி, பெயின்டராக இருக்கும். கூடவே மகள், அவருடைய ஸ்வெட்டரைப் போட்டுக் கையை உருட்டி விட்டிருந்தாள். பச்சைக் கோட்டு ஒன்று வந்ததா என்றார். பள்ளிக்கூடத்தில் தேடினார்களாம், பஸ்ஸாக இருக்கும் என்று இப்போதுதான் தோன்றியதாம்.

எழுந்து போய் முன்வரிசையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இல்லை என்றேன். தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

முன்வரிசையில் இல்லைதானே, அது பொய்யா? — பொய்தான். வேற என்ன? அந்தப் பிள்ளை என்னையே பாத்துட்டு நின்னுச்சு. என் பிள்ளைக்கு மட்டும்தான் குளிருமா?

நவம்பர் 12

வேலை அதிகம்.

நவம்பர் 16

பெரியவளுக்கு இருமல். எண் எழுதிய சீட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்னும் மூன்று நாள்.

நவம்பர் 17

கூப்பிட்டேன். கோட்டு இருக்கிறது, வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். எப்போது வந்தது என்று அவர் கேட்கவில்லை.

நவம்பர் 18

வந்தார்கள். அந்தப் பெண் கோட்டை மாட்டியதும் இரண்டு பைகளுக்குள்ளும் கையை விட்டுக்கொண்டு நின்றாள், வீடு வந்து சேர்ந்தவள் மாதிரி.

கையெழுத்துக்குப் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதே வரியில்தான் பொருள் வந்த தேதியும் இருக்கும். அக்டோபர் 20. அவர் விரல் அதன்மேல் வந்து நின்றது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கிடைச்சுதே, அது போதும்” என்றார். கையெழுத்துப் போட்டார். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

திட்டியிருக்கலாம்.

நவம்பர் 21

இன்று காலை என் கோட்டைப் பெரியவளுக்குப் போட்டுவிட்டேன். கையை இரண்டு மடிப்பு மடித்தால் போதும். இவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்று அப்போதுதான் பார்த்தேன். அப்போ உனக்கு? என்றாள். எனக்கு அறைக்குள்தானே வேலை என்றேன்.

டிசம்பர் 6

மாலையில் வேலை முடிந்து வெளியே வந்தால் பெரியவள் வாசலில் நிற்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள். கோட்டைக் கழற்றி நீட்டினாள்.

“பாலம் வரைக்கும் நீ போட்டுக்கம்மா. அதுக்கப்புறம் நான் போட்டுக்கறேன்.”

பாலம் வீட்டுக்குப் பாதி வழி. மறுத்தால் அவள் கேட்கிற ரகமில்லை. போட்டுக்கொண்டேன். நடக்கும்போது பச்சைக் கோட்டு விஷயத்தை முழுதாகச் சொன்னேன். பின்வரிசையில் மாட்டியது, இல்லை என்றது, தேதிமேல் அவர் விரல் நின்றது. இவரிடம்கூடச் சொல்லாதது.

ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“எனக்குச் சரியா இருந்திருக்குமா?”

“அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்திருக்கும்.”

“ம்” என்று என் கையைப் பிடித்து, தன் கையையும் சேர்த்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

எங்கள் தெரு திரும்பியபோதுதான் பார்த்தேன். பாலத்தை எப்போதோ தாண்டிவிட்டோம்.