அப்பா கட்டிய சிவப்புக் கொடி

அப்பா,

இன்று காலை பாசாரில் காய்கறி வாங்கித் திரும்பும்போது எதிர்வீட்டுக் கயிற்றில் ஒரு சிவப்புப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்குள் போகவே எனக்குக் கால் வரவில்லை. கூடையோடு சாக்கடையோரம் நின்றுவிட்டேன். செத்துப் பதினோரு வருடமாகியும் என்னை நிறுத்தி வைக்கிறீர்கள்.

கடல் தாண்டிப் பிழைக்க வந்த இந்தப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எல்லோரும் உங்களைத் தங்கமான மனிதர் என்பார்கள். குடி கிடையாது, சீட்டு கிடையாது. அந்தத் தங்கமான கை முதுகில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அம்மா, நான், தங்கை, எங்கள் மூவருக்குத்தான் தெரியும். இன்ஜின்களுக்குக் கொடி காட்டுவது உங்கள் வேலை. பச்சைக்கு நகரும், சிவப்புக்கு நிற்கும். கொஞ்சம் பிசகினால் ஆள் நசுங்கிச் சாவான். "கை நடுங்கினா அடுத்த கப்பல்ல ஊருக்கு ஏத்திடுவேன்னு துரை பூட்ஸ் காலால உதைக்கிறான்" என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னீர்கள். அவனிடம் வாங்கியதை எங்கள்மேல் இறக்கினீர்கள்.

அதற்கு அம்மா ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். நீங்கள் கோபமாக வந்த நாளில் வாசல் கயிற்றில் கிழிந்த சிவப்புப் பாவாடை ஒன்றைப் போடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் நானும் தங்கையும் அதைக் கண்டால் உள்ளே வரக்கூடாது. அம்மா அதை எடுக்கும்வரை சாக்கடையோரம் நிற்க வேண்டும்.

ஒருநாள் நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள்.

"ஏன்டி வெயில்ல நிக்கிறீங்க?"

"சிவப்பு போட்டிருக்குப்பா" என்று ஏழு வயதுத் தங்கை சொல்லிவிட்டாள்.

கொடி காட்டிப் பிழைத்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பாவாடையை உருவிக்கொண்டு உள்ளே போனீர்கள். "எனக்கேவாடி கொடி காட்டுற? அங்க அவன் மிதிக்கிறான், இங்க நீயா?" சுவரில் தலை மோதும் சத்தம் கேட்டது. பாத்திரங்கள் உருண்டன. "பிள்ளைங்க நிக்குதுங்க, மெதுவா" என்று அம்மா கெஞ்சினாள். அன்று முறிந்த இடது மணிக்கட்டு அவளுக்குக் கடைசிவரை நேராகவில்லை.

பத்து நாள் கழித்துக் கயிற்றில் மறுபடியும் சிவப்பு. இந்த முறை அது உங்கள் பழைய வேலைக் கொடி. நீங்களே கட்டியது. அன்றைய சத்தத்தைச் சுவர் வழியே கேட்டிருந்த பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா, "பாத்தியா, மனுசன் திருந்திட்டாரு. பிள்ளைங்க மேல கை படக்கூடாதுன்னு நெனைக்கிறாரு" என்றாள். நானும் நம்பினேன். அதன்பிறகு கோபம் வந்த நாளெல்லாம் நீங்களே அதைக் கட்டினீர்கள்; எங்கள்மேல் ஓர் அடிகூட விழவில்லை. அதற்காகவே உங்களைப் பல வருடம் மனத்துக்குள் கும்பிட்டேன். எனக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. அந்தக் கொடி எங்களுக்கு மட்டும்தான். அம்மா உள்ளேதான் இருந்தாள்.

உங்கள் கோபம் எனக்கும் வந்திருக்கிறது. நான் துணி வெளுக்கும் இடத்தில் நேற்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி ஏசினான். வீட்டுக்கு வந்தால் மகள் சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். கையை ஓங்கிவிட்டேன். அவளை வெளியே போகச் சொல்லவில்லை. நான் போனேன். கோபம் அடங்கும்வரை சாக்கடையோரம் நின்றேன்.

அந்த வாசலிலிருந்தும் சாக்கடை பத்தடிதான் அப்பா. ஒருநாளாவது நீங்கள் அங்கே வந்து நின்றிருக்கலாம்.