வேண்டாம் என்று எழுதிய ஒரு வரி

மார்ச் 3, செவ்வாய்

எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றும் என் குட்டி மென்பொருள் பேக்கேஜுக்கு இன்று புது வெளியீடு. போன மாத வெளியீட்டில், எண்ணுக்கு முன்னால் வரவேண்டிய குறியை விழுங்கி வைத்திருந்தேன். அதைச் சரிசெய்தாயிற்று.

அதை எழுதிய நிரல்மொழிக்கு அடுத்த வாரம் புதிய பதிப்பு வருகிறதாம். அதில் இது ஓடுமா? யாருக்குத் தெரியும். ஓட்டிப் பார்க்கச் சோம்பல். ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: மொழியின் இப்போதைய பதிப்புக்கு மேல் இதை நிறுவாதே. அரை நிமிட வேலை. பெயர் மட்டும் முன்னெச்சரிக்கை.

அண்ணியிடம் பெருமையடித்தேன். பார்வையற்றோர் பள்ளியில் கணக்கு டீச்சர். அவருக்கும் பார்வை கிடையாது. கேள்வித்தாளை என் பேக்கேஜில்தான் அச்சடிக்கிறார்.

"வராத விருந்தாளிக்கு இப்பவே கதவைச் சாத்திட்டியா, நாத்தனாரே?" என்றார்.

மார்ச் 4

எழுத ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 16, திங்கள்

பள்ளிக்குப் புதுக் கணினி வந்திருக்கிறது, மொழியின் புதிய பதிப்போடு. என் பேக்கேஜ் மறுபேச்சில்லாமல் இன்ஸ்டால் ஆகிவிட்டதாம். நான்தான் வேண்டாமென்று எழுதினேனே? "உன் பேச்சை அதுவும் கேக்கல" என்று அண்ணிக்கு ஒரே குஷி. எப்படியோ இன்ஸ்டால் ஆனால் சரி என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 18, புதன்

காலையிலேயே அண்ணியின் போன்.

"பதிமூணு மாணவர்கள்னு அடிச்சேன். விரல் வச்சுப் பாத்தா 'அச மாணவர்கள்'னு இருக்கு. யாரு இவங்க, உன் சொந்தக்காரங்களா? நாளன்னைக்கு ஆண்டுத் தேர்வும்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரெயிலில் எண்ணுக்கும் எழுத்துக்கும் ஒரே புள்ளிகள்; எண் குறி இல்லாவிட்டால் ஒன்று 'அ' ஆகும், மூன்று 'ச' ஆகும். பழைய பிழை அப்படியே!

பிறகுதான் உறைத்தது. புது வெளியீடு வேண்டாமென்று என் வரி சொன்னதும், பேக்கேஜை நிறுவும் இன்ஸ்டாலர் சும்மா நிற்கவில்லை. தடைவரி இல்லாத போன மாத வெளியீட்டைத் தேடி எடுத்திருக்கிறது — பிழையோடு. என்னையே திட்டிக்கொண்டேன்: ஏன்டி இப்படிப் பண்ணின? ஓட்டிப் பாக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்குமா? தேர்வு எழுதப்போறது நாப்பது பிள்ளைங்க!

சரிசெய்த வெளியீட்டை மொழியின் புதிய பதிப்பில் ஓட்டினேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, எல்லாம் ஓடுகிறது. வேண்டாத வேலை பார்த்தது என் வரி ஒன்றுதான். அதை நீக்கி இன்னொரு வெளியீடு விட்டேன். பிழையுள்ள பழையதை இன்ஸ்டாலர் தேடும் பட்டியலிலிருந்து விலக்கினேன். போனில் மன்னிப்புக் கேட்கும்போது அழுதுவிட்டேன். "முதல்ல மூக்கைத் துடை, நான் அச்சடிச்சுட்டு வர்றேன்" என்றார் அண்ணி.

மார்ச் 20, வெள்ளி

தேர்வு முடிந்தது. "கணக்கு கஷ்டம்னு நாப்பது பேரும் என்னைத் திட்டினாங்க. எண் புரியலன்னு ஒருத்தரும் திட்டல" என்றார் அண்ணி.

அப்பாடா.

அக்டோபர் 12, திங்கள்

மொழியின் அடுத்த பதிப்புக்குச் சோதனை வெளியீடு வந்திருக்கிறது. அசல் வர இன்னும் ஐந்து மாதம். காபியோடு உட்கார்ந்து ஓட்டினேன். இந்த முறை நிஜமாகவே இரண்டு இடத்தில் உடைந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் சரிசெய்துவிட்டேன். தடைவரி எழுதவில்லை.

அண்ணியிடம் சொன்னேன்.

"அழறதை அஞ்சு மாசம் முன்னாடியே முடிச்சுட்டியா?"

"அழவே இல்ல அண்ணி."

"அப்போ நான் நிம்மதியா கஷ்டமான கேள்வி எடுக்கலாம்" என்றார்.