தலையணைக்குள் மாத்திரை

தம்பி வெள்ளத்துரை,

தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போறேன். காலைல உன் தலையணையை ஒதறினேன், டாக்டர் குடுத்த மாத்திரையெல்லாம் கொட்டுச்சு. முழுங்கிட்டேன்னு தெனம் பொய் சொல்லிகினு இருந்திருக்கே! ஆடாதோடைக் கஷாயத்துல இருமல் அடங்கினதும் நோவே போச்சுன்னு நெனச்சியா? கஷாயம் சளியை இளக்கும், காசத்தை மாத்திரைதான் கொல்லும், ரெண்டும் வேணும்னு டாக்டர் உன் முன்னாலதானே சொன்னாரு?

கஞ்சியும் கஷாயமும் அடுப்பாண்ட மூடி கீது. மத்தியானம் உன் தோஸ்து மதார் சாகிப் வருவாரு. அவர் கண்ணு முன்னாடி மாத்திரையை முழுங்கு. அவராண்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். மானம் போச்சுன்னு குதிக்காதே.

"நீ இன்னா எனக்கு அம்மாவா?"ன்னு நேத்து கேட்டே. இல்லடா. அம்மா இதே இருமல்லதான் போச்சு. உன்னையும் தூக்கிக் குடுக்க என்னால ஆவாது.

அக்கா சிவந்தி

மறந்துட்டேன்: கஷாயம் ரொம்பக் கசக்குதுன்னியே, பனங்கற்கண்டு போட்டிருக்கேன்.